வாத்துகள் கத்திய நாள்

பல் டாக்டரிடம் போனதாகச் சொன்ன பொய்க்கு இன்றோடு ஒரு வாரம் ஆகிறது.

பொய்யைச் சொன்னவள் ரோவெனா. ஆஷ்கோம்ப் பள்ளியின் லத்தீன் டீச்சர், அதன் தலைமையாசிரியர் ஹியூகோ டின்மோரின் மனைவி. இங்கிலாந்தில் லட்லோ என்ற ஊரைத் தாண்டி, ஆடு மேயும் குன்றுகளுக்கு நடுவே தனியாக நிற்கும் விடுதிப் பள்ளி அது. ஏழு வயதில் வந்து சேருகிற பிள்ளைகள் பதின்மூன்று வயதில் பெரிய பள்ளிகளுக்குப் போய்விடுவார்கள். விடுதியில் பையன்கள்தான், பெண் பிள்ளைகள் பகலில் மட்டும் வந்துபோவார்கள். ரோவெனா மட்டும் கல்யாணமாகி வந்தவள், அப்படியே இருந்துவிட்டாள். வகுப்பறையை விட்டால் சாப்பாட்டுக் கூடம். அதை விட்டால் அவள் வீட்டுச் சமையலறை. எல்லாம் ஒரே கூரை.

போன வெள்ளிக்கிழமை அவள் போனது பல் டாக்டரிடம் அல்ல, உல்வர்ஹாம்ப்டன் நகரத்துக்கு. அங்கே ஒரு சாதாரண அரசுப் பள்ளியில், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் லத்தீன் நடத்திக் காட்டினாள். 'மாதெர்' என்றால் அம்மா என்று அவள் சொன்னதும், பஞ்சாபிக்காரப் பெண் 'மாதா' என்றாள். போலந்துக்காரப் பையன் 'மத்கா' என்றான். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "அப்ப லத்தீன் எங்களுதும்தானே மிஸ்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி அன்றிலிருந்து அவளைத் தூங்க விடவில்லை.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை மிஸஸ் ஒசேய் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "வேலை உங்களுக்குத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. அது ஆஷ்கோம்பின் ஆண்டு விழா நாளும்கூட.

ஹியூகோ ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே, மாலை பேசப்போகும் உரையை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எதிரே மகள் பிப்பா. பன்னிரண்டு வயது. வேக வைத்த முட்டையின் மண்டையைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பல் எப்படி இருக்கு?"

"தேவலை." ரோவெனாவின் கை தானாக வலது கன்னத்துக்குப் போனது.

"போன வாரம் இடது பக்கம்தானே வலின்னே?"

ஹியூகோ நிமிரவில்லை. ரோவெனா கெட்டிலை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

"மெந்தாக்ஸ்," என்றாள் பிப்பா, முட்டையைப் பார்த்துக்கொண்டே.

பொய் சொல்கிறவள் என்று அர்த்தம். தாயும் மகளும் சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டு மேஜையில் இப்படி லத்தீனில் பேசிக்கொள்வார்கள். ஹியூகோ பூகோள ஆசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவன். பள்ளிக் கொடியில் எழுதியிருப்பதைத் தவிர அவனுக்கு லத்தீனில் ஒரு வார்த்தை தெரியாது. வேடிக்கையாகத் தொடங்கிய பழக்கம்தான். இன்று அந்த ஒரு சொல் ரோவெனாவின் கையில் சூடான நீரைச் சிந்த வைத்தது.

"என்ன சொல்றா?" என்றான் ஹியூகோ.

"சாயங்காலம் போடற நாடகத்துல வர்ற வசனம்," என்றாள் ரோவெனா.

பிப்பா எழுந்து தட்டைத் தொட்டியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

---

நாடகம் ரோமைக் காப்பாற்றிய வாத்துகளின் கதை. எதிரிகள் ஊரைப் பிடித்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் குன்றின் உச்சியில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். பசி. ஆனாலும் கோயில் வாத்துகள் மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. எதிரிகள் பாறையைப் பிடித்து ஏறும்போது நாய்கள் தூங்கிவிடுகின்றன. வாத்துகள் கத்திக் காவல் வீரர்களை எழுப்புகின்றன. பள்ளியின் மிகச் சின்னப் பிள்ளைகள்தான் வாத்துகள்.

காலை வகுப்பில் ரோவெனா அவர்களை ஒத்திகைக்கு நிற்க வைத்திருந்தாள்.

"மிஸ், வாத்து லத்தீன்ல எப்படிக் கத்தும்?" என்றான் ஜாஸ்பர் என்ற பொடியன்.

"நம்ம குளத்து வாத்து மாதிரியேதான்."

"அப்ப அதுக்கு வேற்றுமை உருபு எல்லாம் கிடையாதா?"

"கிடையாது."

"குடுத்து வெச்ச வாத்து," என்றான் அவன். வகுப்பே சிரித்தது.

ரோவெனா தினமும் வகுப்பை ஒரு விளையாட்டோடுதான் தொடங்குவாள். 'சூர்கே' என்றால் எழுந்திருக்க வேண்டும். 'ஆம்புலா' என்றால் நடக்க வேண்டும். 'மனே' என்றால் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். அவள் 'மனே' என்று சொல்லவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. ஹியூகோ.

அவளை வெளியே அழைத்தான். தாழ்வாரத்தில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"நாடகம் முடிஞ்சதும் பின்னால ஓடிடாதே. மேடையிலேயே இரு. நான் கொஞ்சம் பேசணும்."

"எதைப் பத்தி?"

"நல்ல விஷயம்தான்."

"ஹியூகோ, எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லு."

"சாயங்காலம் சொல்றேன். அந்தப் பச்சை டிரஸ்ஸைப் போட்டுக்கோ. முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோ, போதும்."

அவன் போன பிறகும் அவள் தாழ்வாரத்திலேயே நின்றாள். அவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. தெரிந்திருந்தால் இப்படிச் சிரிக்கச் சொல்லிவிட்டுப் போகமாட்டான். பின் எதற்காக மேடை?

உள்ளே வந்தபோது பிள்ளைகள் பாதிப் பேர் உட்கார்ந்து சளசளத்துக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்பர் மட்டும் ஒற்றைக் காலில், கைகளை விரித்தபடி, முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தான்.

"ஏண்டா இன்னும் நிக்கறே?"

"நீங்க விடலையே மிஸ்."

---

மதியம் வாத்து வேஷத்துக்கான துணி அலகுகளை வாங்கிவர நோயறைக்குப் போனாள். ஹியூகோவின் அக்கா கானிதான் அங்கே எல்லாம். காய்ச்சல் பார்ப்பது, பொத்தான் தைப்பது, வீட்டு நினைவில் அழும் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுவது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். வாயில் ஊசியைக் கடித்தபடியே பேசுவாள். பேச்சும் ஊசியாகத்தான் இருக்கும்.

"உக்காரு ரோவெனா. ரெண்டு அலகுக்கு இன்னும் நாடா கட்டணும்." கானி நூலைக் கத்தரித்தாள். "உன் பல் டாக்டர் போன வெள்ளிக்கிழமை ஊர்லயே இல்லையாமே."

ரோவெனா தைத்து முடித்த அலகு ஒன்றை எடுத்துப் புரட்டினாள்.

"ஒரு பையனுக்குப் பல் ஆடுதுன்னு போன் பண்ணேன். ஆஸ்பத்திரி பூட்டியிருக்குன்னு மெஷின் பேசிச்சு. யார்கிட்டயும் சொல்லலை. பயப்படாதே." கானி அடுத்த அலகை எடுத்தாள். "ஆள் யாராவதா?"

"ஆள் இல்லை, கானி. வேலை. உல்வர்ஹாம்ப்டன்ல ஒரு ஸ்கூல்ல லத்தீன் சொல்லிக்குடுக்கக் கூப்பிடறாங்க."

கானி ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"அதுக்கு ஆளே தேவலாம். ஆள்னா ஹியூகோ என்னிக்காவது மன்னிச்சிடுவான். இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்னா, சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டான்."

"நான் இன்னும் முடிவு பண்ணலை."

"பிப்பா?"

"கூட்டிட்டுப் போவேன்."

"எங்கே? ரெண்டு ரூம் வீட்டுக்கா? அவ இந்தக் கட்டடத்துல பொறந்தவ. இங்க இருக்கற நாய்க்குட்டிக்குக்கூட அவதான் எஜமானி." கானியின் குரலில் கோபம் இல்லை. நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "அவ வரமாட்டா. வந்தாலும் அவன் விடமாட்டான். கோர்ட்டு கீர்ட்டுன்னு இழுத்தா பொண்ணு ரெண்டா கிழிஞ்சு போவா. உனக்கே அது தெரியும். தெரிஞ்சுதான் ஒரு வாரமா எச்சிலை முழுங்கிட்டு இருக்கே."

"நீங்க என்ன செய்யச் சொல்றீங்க?"

"நான் எதையும் செய்யச் சொல்லலை. நீ போனா உன் வேலையும் என் தலையிலதான் விழும். அதனால நான் சொல்றதை ரொம்ப நம்பாதே."

அலகுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு ரோவெனா வெளியே வந்தாள். படிக்கட்டு இறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள். நாடகம் முடிந்ததும் மிஸஸ் ஒசேய்க்கு போன் செய்து, வர முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான். மகளுக்காக. முடிவெடுத்ததும் மனசு லேசாகும் என்று நினைத்தாள். ஆகவில்லை.

---

பெற்றோர்கள் புல்வெளி நாற்காலிகளில் நிறைந்திருந்தார்கள். முன்வரிசையில் நிர்வாகக் குழுத் தலைவர் மிஸ்டர் வின்ஸ்லேட், தொப்பியை முழங்காலில் வைத்தபடி. மழை வருமா வராதா என்று எல்லோரும் அவ்வப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிப்பா அட்டைக் கவசம் அணிந்து படைவீரன் மான்லியஸாக நின்றாள். நாய் வேஷம் போட்ட இருவரில் ஒருவன் நிஜமாகவே தூங்கிப்போனான். எதிரிகள் ஏணியில் ஏறினார்கள். வாத்துகள் கத்த வேண்டிய நேரம் வந்தது.

கத்தினார்கள். ரோவெனா ஒத்திகையில் சொல்லிக்கொடுத்ததைவிடப் பத்து மடங்கு கத்தினார்கள். ஜாஸ்பர் அலகைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினான். தூங்கிய நாய் பதறி எழுந்து அழத் தொடங்கியது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மிஸ்டர் வின்ஸ்லேட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மான்லியஸ் முதல் எதிரியைத் தள்ளிவிட்டு, லத்தீனில் தெளிவாக, "விழித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னதும் கைத்தட்டல் அடங்கவே இல்லை.

ஓரத்தில் நின்ற ரோவெனாவும் தன்னை மறந்து கை தட்டினாள். அந்த ஐந்து நிமிடம் அவளுக்கு எந்த நினைவும் இல்லை.

ஹியூகோ மேடை ஏறினான். அவளைக் கைகாட்டி அழைத்தான். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். இந்தப் பக்கம் கணவன், அந்தப் பக்கம் அட்டைக் கவசத்தில் மகள்.

"என் மனைவிக்கு நன்றி. இந்த வாத்துகள் ரோமைக் காப்பாத்திடுச்சு. இனிமே அதுகளுக்கு ஓய்வு," என்றான் ஹியூகோ. கூட்டம் சிரித்தது. "செப்டம்பர் முதல் லத்தீனுக்குப் பதிலா கணினி வகுப்பு. காலம் மாறுது, நாமும் மாறணும். அதைவிடப் பெரிய செய்தி ஒண்ணு இருக்கு. ஆஷ்கோம்ப்ல பெண் பிள்ளைங்களுக்கு முதல் தடவையா விடுதி திறக்கறோம். உங்க மகள்களை ராத்திரியும் பகலும் கூடவே இருந்து பார்த்துக்கப்போறவங்க வேற யாரும் இல்லை. ரோவெனாதான்."

கைத்தட்டல்.

ரோவெனாவுக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. லத்தீன் போய்விட்டது. வகுப்பு போய்விட்டது. இனி ராத்திரியும் பகலும் இந்தக் கட்டடம். அவளைக் கேட்காமலே, இத்தனை பேர் முன்னால், அவள் சம்மதித்ததாக ஆகிவிட்டது. அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. எப்படிச் சிரிக்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை.

"தீக்," என்றாள் பிப்பா மெதுவாக.

சொல்லு என்று அர்த்தம்.

ஹியூகோ கைத்தட்டலுக்குத் தலையசைத்தபடியே குனிந்தான். "என்ன சொல்றா இவ?"

"வாழ்த்து சொல்றா," என்றாள் ரோவெனா.

பிப்பா அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தலைக்கவசத்தை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

---

புல்வெளியில் தேநீரும் ஸ்ட்ராபெர்ரியும் வந்தன. யாரோ ஒரு தாய் அவள் கையைப் பிடித்து, "உங்களை நம்பித்தான் அனுப்பறோம்," என்றாள். இன்னொருத்தி, "என் பொண்ணு ராத்திரி ஜன்னலைத் திறந்து வெச்சாத்தான் தூங்குவா," என்றாள். ரோவெனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கூட்டம் கேக் பக்கம் நகர்ந்ததும் கிரிக்கெட் மைதானத்தை நோக்கி நடந்தாள். பள்ளியில் அந்த மூலையில்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும்.

பலகைக் கொட்டகையின் படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். பின்னாலேயே காலடி கேட்டது. பிப்பா. கவசத்தின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"மிஸஸ் ஒசேய்க்கா போன் பண்றே?"

ரோவெனாவின் விரல் நின்றது. "அந்தப் பேர் உனக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை போனை இந்தப் படியிலயே விட்டுட்டுப் போயிட்டே. அடிச்சுது. எடுத்தேன். அங்க பசங்க எல்லாம் இன்னும் தாழ்வாரத்துல 'ஸல்வே, ஸல்வே'ன்னு லத்தீன்ல வணக்கம் சொல்லிக் கத்திட்டே போறாங்களாம். உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க." பிப்பா கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். "நீயா சொல்லுவேன்னு நாலு நாளாப் பார்த்துட்டு இருக்கேன்."

"பிப்பா, நான் போகலை. அதைச் சொல்லத்தான் இப்ப போன் பண்றேன்."

"ஏன்?"

"உனக்காகத்தான்."

"நான் கேட்டேனா?"

ரோவெனா அவள் தோளில் கை வைத்தாள். பிப்பா தள்ளிவிடவில்லை, சாயவும் இல்லை.

"நான் உல்வர்ஹாம்ப்டனுக்கு வரமாட்டேன் அம்மா. எனக்கு இந்த இடம் பிடிக்கும். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான். அடுத்த வருஷம் நான்தான் ஹாக்கி கேப்டன். நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்." அவள் பிய்ந்து தொங்கிய கவசத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நீ எனக்காக இங்க இருக்கேன்னு மட்டும் சொல்லாதே. நான் பெரியவளானதுக்கப்புறமும் அதையே சொல்லுவே. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, பல் வலி பல் வலின்னுட்டு இருப்பே. என்னால அதெல்லாம் பார்த்துட்டு இருக்க முடியாது."

"நீ இல்லாம நான் எப்படிடி..."

"எனக்குத் தெரியாது. எனக்குப் பன்னெண்டு வயசுதான்."

ரோவெனா அழவில்லை. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் மகள் என்று ஒரு சுவர் இருந்தது. அடைத்து வைத்ததும் அதுதான், சாய்ந்துகொள்ள இருந்ததும் அதுதான். இப்போது அது நகர்ந்துவிட்டது. வழி திறந்துவிட்டது, சாய்ந்துகொள்ளத்தான் ஒன்றும் இல்லை.

அவள் எண்ணை அழுத்தினாள்.

"மிஸஸ் ஒசேய், நான் ரோவெனா." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "வரேன். செப்டம்பர்ல இருந்து வரேன்."

அந்தப் பக்கம் மிஸஸ் ஒசேய் மகிழ்ச்சியாக ஏதோ சொன்னாள். அது முழுவதும் அவள் காதில் ஏறவில்லை. கொட்டகையின் ஓரத்தில் ஹியூகோ நின்றுகொண்டிருந்தான். கையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். ஒன்று அவளுக்காகக் கொண்டுவந்தது.

"எங்க வரே?" என்றான்.

அவள் போனை அணைத்தாள். சுருக்கமாகச் சொன்னாள். உல்வர்ஹாம்ப்டன், அரசுப் பள்ளி, லத்தீன், போன வெள்ளிக்கிழமை. ஹியூகோ கோப்பைகளைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் கத்தவில்லை.

"பள்ளியை மூடிடலாம்னு கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க ரோவெனா. போன வெள்ளிக்கிழமை. பிள்ளைங்க குறைஞ்சுட்டே போறாங்க. நான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். பெண்கள் விடுதி திறந்து, அதை நீ ஏத்துக்கிட்டா ஒரு வருஷம் பார்க்கலாம்னு வின்ஸ்லேட் சொன்னார். அங்க நிக்கற அம்மாக்கள் எல்லாம் என் பேருக்கா பொண்ணை அனுப்பறாங்க? உன் பேருக்கு."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லத்தான் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ பல் டாக்டர்கிட்ட போயிருந்தே."

மைதானத்துக்கு அப்பாலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. வாத்துகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன.

"அன்னிக்கு சாயங்காலம் வந்தேனே. அப்ப சொல்லியிருக்கலாமே," என்றாள் ரோவெனா.

"நீ மாட்டேன்னு சொன்னா என்ன செய்யறதுன்னு பயமா இருந்தது. மேடையில வெச்சு சொன்னா மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னு நினைச்சேன்." அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "தப்புதான். ஒரே ஒரு வருஷம் இரு. அதுக்கப்புறம் நீ எங்க வேணா போ."

"கல்யாணம் ஆன புதுசுலயும் இதையேதான் சொன்னே ஹியூகோ. ஒரு வருஷம்னு."

ஹியூகோ எழுந்து அவளை நேராகப் பார்த்தான். "இப்ப வந்து அவங்க கூட நில்லு. எதுவும் பேச வேண்டாம். சிரிச்சாப் போதும். மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம். என்னை இன்னிக்கு மட்டும் கைவிட்டுடாதே."

இப்படி அவன் அவளிடம் கெஞ்சியதே இல்லை. ரோவெனா எழுந்தாள். நடந்தாள். பின்னால் ஹியூகோ. அதற்கும் பின்னால் பிப்பா.

புல்வெளியில் பெற்றோர்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். மிஸ்டர் வின்ஸ்லேட் நடுவில். கானி தேநீர்ப் பானையோடு சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் பெண் வட்டத்தை விட்டுத் தனியாக முன்னே வந்தாள். ஏழு வயதிருக்கும். காலுறை ஒன்று கணுக்காலில் வழிந்திருந்தது. செப்டம்பரில் சேரப்போகிற பிள்ளை. பெயர் ஒத்திலி என்று அவள் அம்மா சொன்னாள்.

"ராத்திரி பயமா இருந்தா உங்க ரூமுக்கு வரலாமாமே," என்றாள் ஒத்திலி. "அந்த சார் சொன்னார். நிஜமா?"

சிரித்தால் போதும். தலையசைத்தால்கூடப் போதும். ஹியூகோ பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது ரோவெனாவுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ராபெர்ரி பிசுபிசுத்த கை.

ரோவெனா புல்லில் மண்டியிட்டாள். பச்சை உடையில் ஈரம் ஏறியது.

"இல்லம்மா. நான் இங்க இருக்க மாட்டேன். எனக்கு வேற ஸ்கூல்ல வேலை கிடைச்சிருக்கு. செப்டம்பர்ல நான் அங்க போயிடுவேன்."

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. ஆனாலும் வட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது. ஒரு தாய் தன் கணவனைப் பார்த்தாள். கானி ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. மிஸ்டர் வின்ஸ்லேட் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஹியூகோ," என்றார், மிக மரியாதையாக. "உங்க அறைக்குப் போலாமா?"

நிர்வாகக் குழுவினர் முன்னே நடந்தார்கள். ஹியூகோ கடைசியில் போனான். அவன் ரோவெனாவைப் பார்க்கவே இல்லை. சரளைப் பாதையில் தனியாக, தோள் தொங்கிப்போய், இதே பள்ளியில் தவறு செய்துவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போகும் ஒரு பையனைப்போல நடந்தான்.

பிப்பா அம்மாவைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். அட்டைக் கவசம் கழன்று புல்லில் விழுந்தது. அவள் நிற்கவில்லை. வாசற்படியருகே அப்பாவைப் பிடித்துவிட்டாள். அவன் சட்டைக் கையைப் பற்றி இழுத்து, அண்ணாந்து ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை. ஒரு வாக்கியம்தான்; தனக்காக இருக்க வேண்டாமென்று அம்மாவிடம் தானே சொன்னதாக இருக்கலாம்.

ஹியூகோ அப்படியே நின்றுவிட்டான். திரும்பி, புல்வெளியின் குறுக்கே, மண்டியிட்டிருந்த மனைவியை வெகுநேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, அத்தனை தூரத்திலிருந்து அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தந்தையும் மகளும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

ரோவெனா எழுந்திருக்கப் பார்த்தாள். சின்னப் பெண் அவள் கையை விடவில்லை.

"அப்ப," என்றாள் ஒத்திலி, "ராத்திரி பயமா இருந்தா நான் யார்கிட்ட போறது?"